அவர் ஜெயிக்காத பந்தயங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதக் கடைசியில், பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரியின் அரங்கில் இது நடந்தது. அன்று மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, சென்னையில் இரண்டு வருடம் ஜப்பானிய மொழி படித்து, கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் தெருவில் அந்த மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு.

தொழிற்சாலையில் இருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவருக்கு ஒரு சிநேகிதர், அவரும் ஜப்பானியர். ஐரோப்பாவில் பதினோரு வருடம் தொழில்முறை சைக்கிள் வீரராக இருந்து, முந்தின வருடம்தான் ஓய்வு பெற்றவர். கன்னியாகுமரியிலிருந்து வடக்கே சைக்கிளில் போகிறவர், நண்பரைப் பார்க்க இரண்டு நாள் திருநெல்வேலியில் தங்கப்போகிறார் என்று தெரிந்ததும் நான் கல்லூரிக்குத் தகவல் சொன்னேன். அங்கே பெண்கள் சைக்கிள் அணி ஒன்று உண்டு. உடற்பயிற்சி ஆசிரியை உடனே கூட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

"முக்கியமா ஒரு பிள்ளைக்காகத்தான் கேக்கேன்," என்றார் போனில். "செகண்ட் இயர் படிக்கா. பந்தயத்துல முன்னால போய் காத்தை வாங்கிக்கிடதே அவ வேலை. அவ முதுகுக்குப் பின்னால ஒதுங்கி வாற பிள்ளைதான் கடைசில முந்திப் போய் ஜெயிக்கும். 'ஒரு கப்பு கூடக் கொண்டாராம என்னத்துக்கு ரோடு ரோடா சுத்துத'ன்னு அவ அப்பா விடச் சொல்லிட்டாரு. இந்த மாசத்தோட சரி. இவரு ரெண்டு வார்த்தை சொன்னா அவ மனசு மாறும்."

அடுத்து ஃப்ளெக்ஸ் பேச்சு வந்தது. "எந்தெந்தப் போட்டியில ஜெயிச்சிருக்காரும்மா? பேருக்குக் கீழ போடணும்லா?"

எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம் ஊர் விழாக்களில், பேருக்குக் கீழே ஒன்றுமில்லாத ஆளுக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. அத்தனை வருடம் ஐரோப்பாவில் ஓட்டியவர் ஜெயிக்காமலா இருப்பார் என்று நானே முடிவு செய்து, 'பல சர்வதேசப் போட்டிகளின் வெற்றியாளர்' என்று எழுதி அனுப்பினேன்.

அவர் சைக்கிளிலேயே வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முதுகுப் பக்கம் மூன்று பை தைத்த சட்டை போட்டிருந்தார். அதன் மேலேயே மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. வள்ளியூர் பக்கம் அடித்த காற்றைப் பற்றி, சாலையோரம் சாப்பிட்ட வாழைப்பழத்தைப் பற்றிப் பேசினார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அரங்கம் என்னையும் பார்த்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு அந்தப் பெண் எழுந்தாள். "கேளுட்டி, கேளு" என்று பக்கத்திலிருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள்.

"சார், நான் முன்னால போய் காத்து மறைக்கவ. எப்பமும் எட்டாவது, ஒம்பதாவதுதான் வாறேன். உங்கள மாதிரி ஜெயிக்கணும்னா நான் என்ன செய்யணும்?"

நான் மொழிபெயர்த்ததும் அவர் சிரித்துவிட்டார். ஜெயித்ததாக யார் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு, உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். பதினோரு வருடத்தில் ஒரு பந்தயத்தில்கூட அவர் முதலில் வந்ததில்லை. அணித் தலைவருக்குக் காற்றை மறைப்பது அவர் வேலை. பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர் வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து எல்லோருக்கும் கொடுப்பது அவர் வேலை. தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்பதும் அவர் வேலை. நீயும் நானும் ஒரே தொழில் என்று அவளைப் பார்த்துக் கைகாட்டினார்.

எங்கள் தலைக்கு மேல் 'வெற்றியாளர்' என்று மஞ்சள் எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கப்பா நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். கல்லூரிப் படிவத்தில் அவர் தொழிலை 'வியாபாரம்' என்று எழுதியவள் நான். தண்ணீர் சுமந்ததை ஒரு மனிதர் மேடையில் சொல்லிக்கொள்வார் என்பது எனக்குப் புரியவே இல்லை. அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மைக்கில் இப்படிச் சொன்னேன்: "விடாமல் உழையுங்கள். நான் அப்படித்தான் ஜெயித்தேன். நீங்களும் ஜெயிப்பீர்கள்."

கைதட்டல் எழுந்தது. அந்தப் பெண் "சரி சார்" என்று சொல்லி உட்கார்ந்து, மைக்கை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், மெதுவாக, இதற்கு ஏன் கைதட்டுகிறார்கள், அவள் முகம் ஏன் அப்படி ஆனது, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். மரியாதைக்குத் தட்டுகிறார்கள் என்றேன். அவர் திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். தமிழுக்குக் கீழே ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தார்கள். அந்த அளவு ஆங்கிலம் அவருக்குத் தெரியும்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். "அதையெல்லாம் ஜெயித்தவர் வேறொருவர். என் தலைவர். இந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தால் ரொம்பச் சிரிப்பார்," என்றார். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தார். விருந்தினர்களுக்கு முன்னால் இருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து முதுகுப் பைகளில் செருகினார். இடமில்லாமல் போனதும் சட்டைக் கழுத்து வழியாக முதுகுக்குள் இரண்டைப் போட்டார். கூனன் மாதிரி மேடையிலிருந்து இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம் ஒரு பாட்டிலை நீட்டினார். அரங்கமே சிரித்தது. அவள் வாங்கிக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வேறு வழியில்லை. "முன்னால் சொன்னது அவர் சொன்னதல்ல. நானாகச் சொன்னது. ஃப்ளெக்ஸில் இருப்பதும் நான் எழுதியதுதான்," என்று சொல்லிவிட்டு, அவருடைய பதிலை முதலிலிருந்து சொன்னேன்.

"அப்பம் இம்புட்டு நேரம் கேட்டதுல எதுட்டி நெசம்?" என்று பின்வரிசையில் ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். ஆசிரியை என் பக்கம் திரும்பவில்லை.

அந்தப் பெண் மறுபடி எழுந்தாள். "அப்பிடி ஓட்டினதுக்கு உங்களுக்கு என்ன கிடைச்சுது சார்?"

இந்த முறை அவர் கொஞ்சம் யோசித்தார். பெரிதாக ஒன்றுமில்லை, கழுத்தெலும்பு மூன்று முறை உடைந்தது, என் பெயர் யாருக்கும் தெரியாது, டிவி கேமரா கடைசியில் ஜெயிக்கிறவர்களையே காட்டும் என்பதால் என் அம்மா என்னை ஒரு பந்தயத்திலும் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, நீ தொடரலாமா என்று என்னைக் கேட்டால் தெரியாது என்றார். அதை அப்படியே சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, இதை எங்கப்பாட்ட வந்து சொல்லுவியளா? நான் சொன்னா நம்ப மாட்டாவ." மறுத்திருக்கலாம். அன்று எனக்கு மறுக்கும் தைரியம் இல்லை.

சைக்கிள் வீரர் மதுரைச் சாலையில் வடக்கே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் பத்தமடை தாண்டி அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வாழைத்தார் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவர். நான் காற்று மறைப்பதைப் பற்றிச் சொன்னதும், "பெரிய வண்டிக்குப் பின்னால ஒட்டிப் போனா நம்ம வண்டி லேசாப் போகும். அது எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, இதுல அவரு சொன்னது எம்புட்டு, நீ சேத்தது எம்புட்டு?"

அவள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஒன்றும் சேர்க்கவில்லை என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

கடைசிப் பதில் பாக்கியிருந்தது. உடைந்த எலும்பு, தெரியாத பெயர், 'தெரியாது' என்ற அந்த வார்த்தை. அதை விட்டுவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நல்லது. அவளும் கதவோரம் நின்று, சொல்லாதீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

அவள் அப்பா கதவோரம் திரும்பிப் பார்த்தார். "இதை நீ சேத்திருக்க மாட்ட," என்றார் பிறகு. "சேக்கதுக்கு இது நல்ல வார்த்தை இல்லையே." உள்ளே பார்த்து எனக்குக் காப்பி போடச் சொன்னார். மகளிடம், "இந்த வருசம் ஓட்டு. பொறவு பாப்போம்," என்றார்.

அவள் அந்த வருடம் ஓட்டினாள், அடுத்த வருடமும் ஓட்டினாள். கப்பு வாங்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவள் இரண்டு முறை வாங்கினாள்.

நான் இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறேன். யாராவது எதிராளியின் மனம் நோகும்படி ஒன்றைச் சொல்லி, அதை மெருகேற்றிவிடலாமா என்று நாக்கு துடிக்கும்போது, காப்பி வருவதற்கு முந்தின அந்தச் சில நிமிடங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒரு மனிதர் முதன்முதலாக என் சொல்லை நம்பியது, நான் அழகுபடுத்தாமல் விட்ட இடத்தில்தான்.