ஏரிப் பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டை

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டவர்கள் முழுவதையும் தூர்க்கவில்லை. மிச்சம் விட்ட தண்ணீர் எங்கள் கொல்லைக்குப் பின்னால் வந்து நின்றது. நடுவில் ஒரு கள்ளி வேலி, அவ்வளவுதான். என் மனைவிக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். நான் வேலிக்கு இரண்டு கஜம் முன்பே நின்றுவிடுவேன்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். எட்டாவதில் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்புறம் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் போனேன். அங்கேயும், ஏதாவது ஓர் எழுத்தைத் தலைகீழாகச் செருகிவிட்டோமோ என்று வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகும் யோசித்துக்கொண்டிருப்பேன். அது யுத்த காலம். குண்டு விழுமென்று பட்டணமே ஆகாயத்தைப் பார்த்துப் பயந்தபோது நான் கொல்லையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

மனைவி முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறந்தால் சாயங்காலம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார இடம் வேண்டும் என்றாள். வேலியை எடுத்துவிட்டு, தரைக்குச் செங்கல் பதித்து, சாய்மானம் வைத்த செங்கல் பெஞ்சு ஒன்றும் ஏரியோரம் ஒரு சுவரும் கட்டுவதென்று முடிவாயிற்று. சிமெண்ட் கிடைக்காத சமயம், அதனால் எல்லாம் சுண்ணாம்புதான். மேஸ்திரி அடையாற்றங்கரைக் குப்பத்துக்காரர்.

"சுவரு முட்டி ஒசரம் போதும் மேஸ்திரி" என்றாள் மனைவி.

"மாரு ஒசரம்" என்றேன் நான்.

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, ஊடு கட்றியா ஜெயிலு கட்றியா? பெஞ்சில குந்திகினு சுவத்தையா பாத்துகினு இருக்கப் போற?"

கடைசியில் இடுப்பு உயரத்துக்குக் கட்டினார். சுவரின் அடியில், மழைத்தண்ணீர் ஏரிக்குப் போக உள்ளங்கை அகலத்தில் ஒரு ஓட்டை விட்டார்.

சுவர் எழுந்த மூன்றாம் நாள் காலையில் அந்த ஓட்டை வழியாக ஒரு பாம்பு தலையை நீட்டியது. என்னைப் பார்த்தது, திரும்பிப் போயிற்று. நிறைமாதக்காரியிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மேஸ்திரியிடம் மட்டும் சொன்னேன்.

"தண்ணிப் பாம்பு நைனா அது. உன்னப் பாத்துட்டு அதுதான் பயந்துகினு ஓடிகீது. ஒரு கம்பி வல வச்சிக்கலாம்."

"கம்பிக்கு இப்ப எங்க போறது? அடச்சுடுங்க."

"மழ பேஞ்சா?"

"அதுக்கு இன்னும் நாள் கீதே. அப்ப பாத்துக்கலாம்."

அரைச் செங்கல்லை வைத்து, சுற்றிலும் எதையோ திணித்து, மேலே சுண்ணாம்பு பூசி வழவழவென்று தேய்த்துவிட்டார். "இப்ப பாரு. எங்க இருந்துச்சின்னு உனக்கே தெரியாது" என்றார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

பெண் குழந்தை பிறந்தது. மனைவிக்குத் தாய்வீடு இல்லை. ஓட்டையை அடைத்த மறுநாளே என் அக்கா ஒத்தாசைக்கு வந்து, கொல்லைக் கல்லில் துணி தோய்ப்பது முதல் எல்லாம் பார்த்துக்கொண்டார். கொல்லையைப் பார்த்த அறையில் தாயும் பிள்ளையும் பாயில் படுத்திருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் மனைவிக்குக் காய்ச்சல். அன்றைக்குத்தான் மழை பிடித்தது. தன் வீட்டைப் பார்த்துவர விடியற்காலையில் சைதாப்பேட்டைக்குப் போன அக்காவால் திரும்ப முடியவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர், ஒரு ரிக்ஷாவும் ஓடவில்லை.

காலை பத்து மணி இருக்கும். அறைக் கதவைத் திறந்தேன். கொல்லை இல்லை. பெஞ்சின் அடிச் செங்கல் வரிசை முழுகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது வரிசையும் அந்த அறை வாசற்படியும் ஒரே மட்டம். அதுவும் முழுகினால் தண்ணீர் பாய்க்கு வந்துவிடும். காய்ச்சல்காரியையும் பதின்மூன்று நாள் சிசுவையும் தூக்கிக்கொண்டு அந்த மழையில் எங்கே போவேன்?

ஏரி உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது என்றே நினைத்தேன். தண்ணீரில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஏரி கீழே இருந்தது. எங்கள் கொல்லைத் தண்ணீரைவிட ஒன்றரை அடி கீழே. ஏரி வரவில்லை. கூரைத் தண்ணீரும் சந்து வழியாக வந்த தெருத் தண்ணீரும் போக வழியில்லாமல் என் வீட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. அடைத்தவன் நான்.

கடப்பாரையை எடுத்து வந்து குத்தினேன். சுண்ணாம்பு கல்லாக இறுகியிருந்தது. இன்னொரு இடத்தில் குத்தினேன், அங்கும் இல்லை. எங்க இருந்துச்சின்னு உனக்கே தெரியாது என்று மேஸ்திரி சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னாத்துக்குச் சுவத்த இடிக்கிறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஓட்டயத் தேடறேன்."

"அது தெரியாம எங்க போச்சு?"

"அடச்சுட்டேன்."

"தோய்க்கிற கல்லோட வலது மூலைக்கு நேரா இடிங்க. உங்க அக்கா வர வரைக்கும் தெனம் அங்கதான தண்ணியத் தள்ளிகினு இருந்தேன்" என்றாள்.

தோய்க்கிற கல் முழுகிக் கிடந்தது. காலால் துழாவி, மூலையைக் கண்டுபிடித்து, நேரே குத்தினேன். நாலாவது குத்தில் கடப்பாரை உள்ளே இறங்கியது. ஆனால் தண்ணீர் அசையவில்லை. உடைந்த செங்கல் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். பாம்பு வந்த அதே ஓட்டைக்குள்.

மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். பாதி நனைந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முழங்கைவரை கையை விட்டேன். செங்கல் துண்டு கிடைத்தது. இழுத்தேன். கூடவே ஏதோ ஒன்று வழுவழுவென்று மணிக்கட்டைச் சுற்றியது. கத்தினேன் என்று மனைவி சொல்வாள். எனக்கு ஞாபகமில்லை. கையை வெளியே இழுத்தபோது அதில் தொங்கியது தேங்காய் நார். மேஸ்திரி இடுக்கில் திணித்தது. அதற்குள் தண்ணீர் என் கால்களை இழுத்துக்கொண்டு ஏரிக்கு ஓட ஆரம்பித்தது.

"பாம்பா?" என்றாள்.

"நாரு."

"அப்போ பாம்புக்குப் பயந்துதான் அடச்சீங்களா? எங்கிட்டச் சொன்னா இன்னா?"

"பயந்துடுவன்னு..."

"யாரு?"

இரண்டாவது வரிசை வெளியே தெரியும்வரை தண்ணீரிலேயே நின்றேன். அடி வரிசையும் தெரிந்த பிறகு அந்தப் பெஞ்சில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். ஏரியைப் பார்க்கவில்லை. கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாம்பு வந்தா கூப்பிடுங்க, நா வந்து ஓட்டறேன்" என்றாள் அறைக்குள்ளிருந்து. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.