அக்கா சொன்ன நாப்பத்தோராம் பக்கம்

எங்க அக்கா முப்பது வருஷம் கார்மென்ட் கம்பெனியில செக்கிங். தையல் விட்ட இடம், நூல் பிசிறு, கோணல் காலர், எதுவும் அவ கண்ணுக்குத் தப்பாது. எந்த பீஸ், எந்த இடம்னு நோட்டுல எழுதி வச்சிடுவா. ரிட்டயர் ஆனதும் பொழுது போகட்டும்னு ஒரு ஈ-ரீடர் வாங்கிக் குடுத்தேன். அதுல வர்ற புத்தகங்களை எங்க பதிப்பகத்துல தயார் பண்றவனே நான்தான். சும்மா இருப்பாளா அவ?

"டேய், நாப்பத்தோராம் பக்கம், ஆறாவது வரி. வார்த்தையைக் கண்ட இடத்துல வெட்டிக் கோடு போட்டிருக்கு. எழுத்து மேல இருக்கு, அதோட கால் கீழ் வரியில கிடக்கு."

கம்ப்யூட்டர்ல பார்த்தேன். நாப்பத்தோராம் பக்கத்துல அப்படி ஒண்ணுமே இல்ல. மறுவாரம் போன்ல இன்னும் பன்னெண்டு வாசிச்சா. ஒண்ணுகூட ஒத்துவரல. எனக்கு வேலை தலைக்கு மேல கிடந்துச்சு. சுள்ளுனு வந்துச்சு கோவம்.

"உனக்கு வேற வேலையே இல்லையாக்கா? குறை கண்டுபிடிக்க இது என்ன சட்டையா?"ன்னு கத்திட்டேன்.

"சரிடா, என் கண்ணுலதான் கோளாறு போல"ன்னா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. விட்டது தொல்லைன்னு நானும் நிம்மதியா இருந்தேன், படுபாவி.

எட்டு மாசம் கழிச்சு அவ வீட்டுக்குப் போனப்ப, மேசை மேல கிடந்த ரீடரை எடுத்துப் பார்த்தேன். எழுத்து அளவை உச்சத்துல வச்சிருந்தா. வரிக்கு ரெண்டே வார்த்தை. அந்த அளவுல பக்க நம்பரே வேற. நீள வார்த்தை எல்லாம் தாறுமாறா உடைஞ்சு கிடந்துச்சு. அவ நோட்டைப் பிரிச்சு ஒவ்வொண்ணா ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சொன்ன இடத்துலயே இருந்துச்சு.

எழுத்தை இவ்வளவு பெருசாக்கிப் படிக்கிறவளுக்குக் கண்ணு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நான்!

அன்னைக்கே கூட்டிட்டுப் போனேன். "கண்ணுல பிரஷர், நரம்பு போயிடுச்சு. ஆறேழு மாசம் முன்னாடி வந்திருந்தா கொஞ்சமாவது காப்பாத்தியிருக்கலாம்"னார் டாக்டர்.

புத்தகத்துல இருந்த கோளாறும் என்னுதுதான். ஃபைல்ல மொழிங்கிற இடத்துல தமிழ்னு மாத்தாம இங்கிலீஷ்னே விட்டிருந்தேன். மெஷின் இங்கிலீஷ் கணக்குல வெட்டித் தள்ளியிருக்கு. சரி பண்ண ரெண்டு நிமிஷம் ஆச்சு.

போன ஞாயித்துக்கிழமை திருத்தின புத்தகத்தை ஏத்தி அவ கையில குடுத்தேன். மூக்குக்கிட்ட கொண்டுபோய், இப்படியும் அப்படியும் சாய்ச்சு, ரொம்ப நேரம் பார்த்தா.

"இப்ப ஒரு வார்த்தைகூட உடையலடா. நல்லா பண்ணியிருக்கே"ன்னு என் முதுகுல தட்டினா.

நான் இன்னும் புத்தகத்தைத் திறக்கவே இல்ல. திரையில அட்டைப்படம்தான் இருந்துச்சு.