மைனஸ் எடை காட்டிய மூட்டை

எண்பதுகளின் நடுவில், போடியில் ஏலக்காய் ஏலம் நடத்தும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். பத்தாவது படிப்பு, டைப்ரைட்டிங், அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. அதனால் முதலாளி ஒரு கம்ப்யூட்டரை வாங்கி என் மேஜையில் வைத்தபோது, பேசாமலே பழகக்கூடிய ஒன்று வந்துவிட்டதென்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

மலையிலிருந்து ஜீப்பில் வரும் மூட்டைகளை எடை போட்டதும், பெரிய லாட்டு, அதாவது எடை கூடிய சரக்கு, முதலில் வரும்படி பட்டியல் அச்சிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் வியாபாரிகள் ஏலம் கேட்கத் தொடங்குவார்கள். கம்ப்யூட்டரை விற்ற மதுரைக்காரர் பேசிக் மொழியில் எழுதிக் கொடுத்த புரோகிராம் வரிசைப்படுத்தி முடிப்பதற்குள் அவர்கள் இரண்டாவது டீயும் குடித்துவிடுவார்கள். அடுத்த ஏலத்திலும் இப்படித்தான் என்றால் கம்ப்யூட்டரை மதுரைக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அதற்காகவே கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியைப் பீரோ மேல் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்த வாரம் பெங்களூரிலிருந்து வந்த அவருடைய மைத்துனர் என்னிடம் ஒரு பிளாப்பி கொடுத்தார். அதிலிருந்தது ஃபோர்த் என்ற மொழி. யார் யாரோ எழுதிச் சேர்த்த லைப்ரரியும் இருந்தது.

"பேசிக்குன்னா ஆயிரம் பேரு இருக்காக, கேட்டுக்கலாம். இதுக்கு யாருமில்லக்கா. தேறுமா தேறாதான்னு நீங்கதான் பாத்துக்கிறணும்" என்றார்.

பார்த்தேன். எடிட்டர் மோசம்; ஒரு பக்கத்துக்குப் பதினாறு வரிக்கு மேல் எழுத விடாது. தப்புச் செய்தால் ஒரு கேள்விக்குறி போடும், என்ன தப்பு என்று சொல்லாது. அச்சிடும் பகுதி தாளின் மடிப்பு மேலேயே அடித்துக்கொண்டு போனது. அதை ஒதுக்கிவிட்டு நானே எழுதினேன். ஆனால் வரிசைப்படுத்தும் பகுதி! விசையிலிருந்து கையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்த மொழியில் கட்டளைக்குச் சொல் என்று பெயர்; சின்னதாக ஒன்றை எழுதி உடனே ஓட்டிப் பார்க்கலாம். அது சரியென்றால் அதை வைத்து அடுத்த சொல். அந்த வாரம் எனக்குச் சோறு தண்ணி நினைப்பே இல்லை.

அதற்கு முழு எண்தான் தெரியும் என்பதால் எடைகளைக் கிராமாக மாற்றி அடித்தேன். சோதித்துப் பார்க்க எடுத்தது மாதிரிப் பொட்டலங்களை. கையளவு மாதிரியைத் தட்டில் கொட்டிப் பார்த்தே மொத்த லாட்டுக்கும் விலை சொல்லும் ஊர் இது. எனக்கு வேறெப்படித் தோன்றும்? எல்லாம் சரியாக வந்தது.

ஏலத்தன்று காலை முதல் சில லாட்டுகளை அடித்தேன். ஐம்பது கிலோ மூட்டை மைனஸ் எடையோடு பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது.

எட்டிப் பார்த்த எடைக்காரர், "என்னத்தா, எஸ்டேட்டுக்காரனுக்கு நாமதான் காய் அள்ளிக் குடுக்கணும் போலயே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. "அத விடு. வெரசா டைப்ரைட்டர்ல அடிச்சுக் கொண்டா."

"எடை முடியறதுக்குள்ள இதுலயே தர்றேன் முதலாளி" என்றேன். அத்தனை பேர் நடுவில் அதைச் சொன்னது என் குரல்தான்.

காரணம் புரிந்துவிட்டது. முப்பத்திரண்டே முக்கால் கிலோவைத் தாண்டினால், அந்த மொழியின் சாதாரண எண்ணுக்குள் கிராம் அடங்காமல் மைனஸாகிவிடும். பொட்டலத்தில் அது எப்படித் தெரியும்? லைப்ரரியில் பெரிய எண்களுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. நமக்கெதற்கு என்று தாண்டிப் போயிருந்தேன். இப்போது திறந்தேன். கூட்ட, ஒப்பிட எல்லாம் இருந்தன. புள்ளி வைத்து அடித்தால் பெரிய எண்ணாக எடுத்துக்கொள்ளும் என்றும் இருந்தது. கிலோ, புள்ளி, கிராம்! தராசில் பார்த்ததை அப்படியே அடிக்கலாம். வரிசைப்படுத்தும் பகுதியை எழுதிய புண்ணியவான், எதை வைத்து ஒப்பிடுவது என்பதை நம் கையில் விட்டிருந்தார். அங்கே ஒரு வரியை மாற்றினேன்.

கடைசி மூட்டை தராசிலிருந்து இறங்கியபோது பிரிண்டர் கிறீச்சிட ஆரம்பித்திருந்தது. முதலாளி தாளைக் கிழித்து, தலைப்பிலிருந்து அடிவரை விரல் வைத்துப் பார்த்தார். ஏல அறைக்குப் போகும்போது எடைக்காரரைக் கூப்பிட்டார்.

"பீரோ மேல இருக்க அட்டப்பெட்டிய எறக்குப்பா. மாதிரிப் பொட்டலம் போட்டு வைக்க ஆகும்."