கட்டிலுக்கு அடியில் கிடந்த முன் சாஃப்ட்

கட்டிலுக்கு அடியில் அது கிடந்தது. சாக்கில் சுற்றி வைத்த இரும்புத் தண்டு, ஒரு கை நீளம் இருக்கும். பாக்கியலெட்சுமி காலையில் லயத்து ஒற்றை அறைக் காம்பராவைக் கூட்டும்போது விளக்குமாறு அதில் போய் இடிக்கும். இடித்ததும் அவள் வாயிலிருந்து வருவது ஒன்றுதான்.

“வண்டிக்கு அடியில இருக்க வேண்டியது கட்டிலுக்கு அடியில கெடக்கு. என்னைக்குத்தான் மாட்டுவீங்க?”

“ஞாயித்துக்கெழம மாட்டுறேன்.”

“அதுக்குள்ள இது குட்டி போட்டுரும்.”

புருஷன் லிங்கம் சிரித்துக்கொண்டே வெளியே போய்விடுவார். இலங்கை மலையகத்தில் மடுல்சீமைக்கு மேலே, பாதை என்று சொல்லக் கூச்சப்பட வேண்டிய ஒரு பாதையின் முடிவில் இருக்கிறது அவர்களுடைய தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு. அங்கிருந்து ஆட்களையும் அரிசியையும் கல்யாணப் பெண்ணையும் நோயாளியையும் ஏற்றி இறக்குவது அவருடைய பழைய லேண்ட்ரோவர் ஒன்றுதான். ஓட்டோக்கள் பாதி வழியிலேயே திரும்பிவிடும்.

அந்த வண்டி அவரைவிட மூத்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தின் கடைசியில் தோட்டத்துக்கு வந்தது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது துரை போனார், வண்டி தங்கிவிட்டது. லிங்கத்தின் அப்பாவுக்கு பங்களாவில் அதைக் கழுவுகிற வேலை. கழுவலாம், ஏறக் கூடாது. பிறகு தோட்டம் கம்பனிக்குக் கை மாறியது, புது வண்டிகள் வந்தன, இது தொழிற்சாலைக்குப் பின்னால் கோழி அடைகிற கூடாயிற்று. பசறையிலிருந்து ஒரு முதலாளி வந்து ஏலத்தில் எடுத்து மறுபடி ஓடவிட்டார். அவரிடம் கிளீனராகச் சேர்ந்தவர் லிங்கம். டிரைவரானார், முதலாளி வயதாகி ஓய்ந்தபோது அவரிடமிருந்தே வாங்கிக்கொண்டார். சொந்தமாக ஓட்டிய முதல் நாள் அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்தார். வழி நெடுக அப்பா கதவை இறுகப் பிடித்தபடியே வந்தார். இறங்கியதும், பழக்கத்தில், தோள் துண்டை எடுத்து முன் கண்ணாடியைத் துடைத்தார்.

மகள் தனுஜா அந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். ஒரு விடுமுறையில் வந்தபோது இந்த வண்டி பிறந்த கதையைப் போனில் தேடிப்பிடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். போர் முடிந்த இங்கிலாந்து. ஒரு வண்டிக் கம்பனியின் எஞ்சினியருக்கு வேல்ஸ் பக்கம் கடலோரத்தில் ஒரு பண்ணை. அங்கே அவர் ஓட்டியது அமெரிக்கப் பட்டாளத்தின் பழைய ஜீப். அது தேய்ந்தால் வேறு என்ன வாங்குவது என்று யோசித்தபோதுதான், நாமே ஒன்று செய்தால் என்ன என்ற எண்ணம் வந்ததாம். இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். ஆகாய விமானங்களுக்கென்று வாங்கி மிஞ்சிய பச்சைப் பெயிண்டை அடித்தார்கள்.

“நம்மளோடதும் பிளேன் பெயிண்டாப்பா?”

“நம்மளோடது பாலத்துக்கு அடிச்ச பெயிண்டு. ஓவர்சியர் கிட்ட வாங்குனது.”

“இத நெரந்தரமா செய்யணும்னே நெனைக்கலயாம். கொஞ்ச வருசத்துக்குச் சமாளிப்போம்னு செஞ்சாங்களாம்.”

“லயத்தையும் அப்படித்தான் கட்டுனாங்க.”

தனுஜா சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறியது. தாத்தாவை ஏறவிடாத வண்டியை ஏன் நாம் இவ்வளவு நேசிக்கிறோம் என்று கேட்டாள். படித்த பிள்ளை கேட்கிற கேள்வி.

“ஏறுதுல்ல,” என்றார் லிங்கம்.

மேட்டில் எப்படி ஏறுகிறது என்பதையும் சொல்லிக் கொடுத்தார். சாதாரணமாகப் பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். மஞ்சள் குமிழை அமுக்கினால் எஞ்சினின் பலம் முன் சாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு வழியாக முன் சக்கரங்களுக்கும் போகும். இந்த வண்டிக்குப் பின் அக்சில் ஒடிகிற வியாதி உண்டு. ஒடிந்தால் எஞ்சின் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. அப்போதும் மஞ்சளை அமுக்கி, முன் சக்கரங்களால் இழுத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். “நடு வழியில விடாது,” என்று முடித்தார். அதைச் சொன்னபோதே முன் சாஃப்ட் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது.

நாட்டில் டீசல் இல்லாமல் போன வருடத்தில் அதைக் கழற்றினார். பதுளையில் வரிசையில் நின்று, வண்டிக்குள்ளேயே தூங்கி, கிடைத்த டீசலை மேலே கொண்டுவந்த காலம். முன் சாஃப்டைக் கழற்றினால் எண்ணெய் மிச்சமாகும் என்று வரிசையில் நின்ற யாரோ சொன்னார்கள். மிச்சமானதா என்று அவருக்கே தெரியாது. எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். பிறகு டீசல் வந்தது. ஸ்டியரிங் லேசாக இருந்தது. வெயில் காலம் வேறு. இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று வருடம் போய்விட்டது.

அந்த நவம்பரில் மழை விடாமல் கொட்டியது. ஒரு நாள் காலை வானம் கொஞ்சம் வெளித்தது. பெண்கள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனார்கள். வெயில் ஏறுகிற நேரத்தில் கங்காணி வீரய்யா செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

“லிங்கம், வண்டிய எடு. குளவி கலைஞ்சிருச்சு.”

“யார கொட்டிச்சு?”

வீரய்யா அவர் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தார். அதிலேயே லிங்கத்துக்குப் புரிந்துவிட்டது.

அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். மற்றவர்கள் தேயிலைக்கடியில் படுத்துத் தப்பித்துக்கொண்டார்கள். பாக்கியலெட்சுமி மட்டும், கூடைக் கயிற்றில் சிக்கி, நின்ற இடத்திலேயே அகப்பட்டாள். முகம் வீங்கி, கண்கள் கோடாகிக் கிடந்தன. கழுத்தெல்லாம் தடிப்பு. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம்.

வண்டியில் பின்னால் வீரய்யா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மேற்கணக்கு மடுல்சீமைக்கு மேலே என்றாலும் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. பொட்டல் மேடு வரை ஏற வேண்டும். அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி வரை பெரும்பாலும் இறக்கம்தான். மழையில் பாதை சேறாகக் கரைந்திருந்தது. லிங்கம் முதல் கியரில் வண்டியை விட்டார். பின் சக்கரங்கள் வழுக்கின, பிடித்தன, வழுக்கின. மேடு கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கல்லில் சக்கரம் பிடித்த அந்த நொடியில், அடியில் ‘டக்’ என்று கேட்டது.

எஞ்சின் ஓடியது. வண்டி நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. கைப் பிரேக்கை இழுத்தார். அதுவும் அக்சில் வழியாகத்தான் பிடிக்கும், பிடிக்கவில்லை. கால் பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

“அக்சிலா?” என்றார் வீரய்யா.

“ஆமா.”

“மஞ்ச குமிழ அமுக்கு.”

லிங்கம் அமுக்கினார். அடியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் அமுக்கினார். கிளச்சை விட்டார். எஞ்சின் உறுமியது. மறுபடி அமுக்கினார்.

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. நாக்கு தடித்துப்போய் வார்த்தை குழறியது.

“கட்டிலுக்கு அடியில இருக்குங்க.”

“பேசாத, பாக்கியம்.”

“நான் கூட்டும்போது…” என்றவள் முடிக்கவில்லை. விசில் சத்தம் மட்டும் வந்தது.

வீட்டுக்கு ஆள் அனுப்பித் தண்டை எடுத்து வந்து, சேற்றில் படுத்து மாட்டலாம். அதுவரை இந்த மூச்சு தாங்குமா? கம்பளியிலேயே தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆஸ்பத்திரி கிட்டத்தில் இல்லை. வாழ்நாள் முழுக்க வண்டியைப் பற்றி எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனிதர் காலைப் பிரேக்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். காலை எடுக்கவும் முடியாது.

வீரய்யா குதித்திறங்கி இரண்டு கல்லைச் சக்கரத்துக்கு வைத்தார். கீழே திரும்பி, கைகளை வாயில் குவித்துக் கூப்பிட்டார். வண்டிக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். மழைக்கு இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் படங்கு காலில் தடுக்க, சிலர் அதை அவிழ்த்துச் சக்கரத்துக்கடியில் போட்டார்கள்.

“யாத்தே, இது ஆனை கனம்ல கனக்குது.”

“பேசாம தள்ளுடி. தீவாளிக்கு இதுலதானே ஒய்யாரமா ஒக்காந்து போன.”

“அண்ணே, நீங்க எறங்கித் தள்ளுங்க. ஸ்டியரிங்க நான் புடிக்கிறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு சாண் ஏறும், வீரய்யா கல்லை நகர்த்துவார், மறுபடி ஒரு சாண். ஒருத்தி முழங்காலில் விழுந்தாள், எழுந்து அதே இடத்தில் கையை வைத்தாள். லிங்கம் கண்ணாடியில் பார்த்தார். சேறு பூசிய கைகளும், அவற்றுக்கு நடுவே கம்பளியும் தெரிந்தன. விசில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்தினார். கேட்டது. முன்பைவிட மெல்லிசாக.

மேடு வந்தது. முன் சக்கரம் அந்தப் பக்கம் சாய்ந்ததும் வண்டி தானாக நகர்ந்தது. வீரய்யா ஓடி ஏறிக்கொண்டார்.

இறக்கம் அதைவிடப் பயங்கரம். கியரில் போட்டாலும் எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்காது. இருப்பது கால் பிரேக் ஒன்று, அதுவும் நனைந்த பிரேக். முதல் வளைவில் பிடித்தது. அடுத்த வளைவில் இரண்டு முறை மிதிக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் பள்ளம், அடியில் தேயிலை. ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல், ஒவ்வொரு வளைவிலும் மண் மேட்டுப் பக்கமாக உரசி உரசி வேகத்தைக் குறைத்தார். தகடு கிழியும் சத்தம் வந்தது. அப்பா கழுவித் துடைத்த தகடு. அது அன்றைக்கு அவர் மனதில் தைக்கவில்லை.

“மூச்சு இருக்கா?”

“இருக்கு. நீ பாதையப் பாரு.”

“மூச்சு இருக்கா?”

“இருக்குடா.”

மூன்றாவது முறை கேட்டபோது வீரய்யா குனிந்து அவள் மூக்கருகே காதை வைத்தார்.

ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம். அதில் பாதி ஏறி வண்டி நின்றது. லிங்கம் அப்படியே ஒரு மதிலோடு சாய்த்து நிறுத்திவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊசி போட்டார்கள், ஒட்சிசன் வைத்தார்கள், அன்றைக்கே பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூச்சு திரும்பிவிட்டது, ஆனால் இத்தனை கொட்டுக்குச் சிறுநீரகம் தாங்குமா என்று சில நாள் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். லிங்கம் வார்டுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்தார். உள்ளே மாட்டியிருந்த சிறுநீர்ப் பையில் ஏதாவது இறங்குகிறதா என்று ஒவ்வொரு தாதியிடமும் கேட்டார்.

அதற்குள் கதை பரவிவிட்டது. பதுளையிலேயே அக்சில் வாங்கப் பழைய சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் ஜெஸீம் எழுந்து நின்றே வரவேற்றார்.

“கேள்விப்பட்டேன் அண்ணே. அக்சில் ஒடிஞ்சும் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்து சேத்திருக்கு. மஞ்சள அமுக்கிட்டு முன் வீல்லயே வந்திருப்பீங்க, என்ன? இந்த வண்டிட பெருமையே அதானே.”

லிங்கம் வாயைத் திறந்தார்.

“ஆமா,” என்றார்.

தனுஜா வண்டியின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, அம்மாவைக் காப்பாற்றிய வண்டி என்று எழுதியிருந்தாள். வேல்ஸ் பண்ணை, பச்சைப் பெயிண்ட் எல்லாம் அதில் இருந்தன. எங்கெங்கோ இருக்கிறவர்கள், இதனால்தான் இந்த வண்டி என்று எழுதியிருந்தார்கள். அவள் வார்டு வாசலில் நின்று வாசிக்க வாசிக்க, லிங்கம் தன் கால் நகத்திலிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படித்தான் எல்லா இடத்திலும் நடந்திருக்குமோ? நிற்காத வண்டி என்று உலகம் சொல்கிற கதைகளுக்கெல்லாம் பின்னால், யாரோ தள்ளியதும் யாரோ கழற்றி வைத்ததும் மறைந்து கிடக்குமோ? வண்டி அவரை நடு வழியில் விடவில்லை. அவர்தான் வண்டியின் காலை ஒடித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தார்.

அக்சிலோடு மேலே போனார். சாக்கை அவிழ்த்துத் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு வண்டி நின்ற ஆஸ்பத்திரி மதில் வரை நடந்து இறங்கினார். வீரய்யா கூட வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டார். மழையில் வண்டிக்கடியில் படுத்து இரண்டையும் மாட்டினார். மஞ்சளை அமுக்கிப் பொட்டல் மேட்டில் ஏற்றினார். நின்று பார்க்கவில்லை.

காம்பராவில் கட்டிலை நகர்த்தினார். தண்டு கிடந்த இடத்தில் சிமெந்துத் தரையில் அதே நீளத்துக்குத் துருக் கறை. அவள் அதைச் சுற்றித்தான் இத்தனை நாளும் கூட்டியிருக்கிறாள். சாம்பல் போட்டுத் தேய்த்தார். செங்கல்லால் தேய்த்தார். கை வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் வார்டுக்குப் போனபோது தாதி அவரைத் தேடி வந்து, பை நிறைகிறது, இனிப் பயமில்லை என்றாள். பாக்கியலெட்சுமி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் இன்னும் திறக்கவில்லை.

“தனுஜா வாசிச்சா,” என்றாள். “வண்டியப் பத்திப் பெருசா எழுதியிருக்கா. தள்ளுனவளுக பேரு ஒண்ணுகூட இல்ல. போடச் சொல்லியிருக்கேன்.”

“வேற எதுவும் சொன்னியா?”

“நான் ஏன் சொல்லணும்?”

அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாட்டியாச்சா?” என்று கேட்டாள்.

“மாட்டியாச்சு.”

“தரையில துரு இருக்குமே.”

“இருக்கு. நாளைக்கு அசிட் வாங்கிட்டுப் போய்…”

“தேய்க்காதீங்க,” என்றாள் பாக்கியலெட்சுமி. “அது கெடக்கட்டும்.”