தெளிய வைத்துப் பிடிப்பவர்

பாட்டிலைக் கழுவி, துடைத்து, சிலமலைக் கிராமத்து வெயிலுக்கு நேரே ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார் சுருளிவேல். திருப்தியில்லை. மறுபடி கழுவுகிறார். பாட்டில் விஷயத்தில் அவரிடம் குறை காண முடியாது.

மலையடிவாரக் கல்குவாரியில், பள்ளத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து ஓடையில் விடுகிறார்கள். அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சோதிக்க, மாதாமாதம் ஒரு பாட்டில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது இவர் வேலை. மோட்டார் ஓடும்போதே குழாய் வாயில் பிடிக்க வேண்டும் என்பது விதி. இவரோ போடியில் பஸ் ஏறும் முன்பே குவாரி மேற்பார்வையாளர் விஜயபாண்டிக்குப் போன் போட்டுவிடுவார்.

"மாப்ளே, கெளம்பிட்டேன். மோட்டார நிறுத்திரு. தண்ணி கொஞ்சம் அடங்கட்டும்."

பிறகு வந்து, குழாய்க்குக் கீழே தேங்கிய குட்டையில், அலை எழாமல் மேலாக மொண்டுகொள்வார்.

கை நீட்டி ஏதோ வாங்குகிறார் என்று நினைத்தால் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறோம். குவாரியில் ஒரு டீ குடிப்பார். அதிலும் சர்க்கரை அதிகம் என்பார். முன்பு போடியில் போட்டோ ஸ்டுடியோவில் இருந்தவர். வந்தவரின் காலரை நிமிர்த்தி, முகத்துக்குப் பவுடர் ஒற்றிப் பழகிய கை, தண்ணீரையும் அப்படியே நடத்துகிறது.

"கலங்குன தண்ணியப் பிடிச்சா சோதன எப்பிடிண்ணே சரியா வரும்?" என்று என்னிடமே கேட்டார். "அழுதுக்கிட்டு இருக்கிற பிள்ளையப் போட்டோ எடுப்பமா?"

தோற்றத்துக்கும் உண்மைக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளக்க முயன்று ஞானிகள் ஆயுளையே செலவழித்திருக்கிறார்கள். இவர் மோட்டாரை நிறுத்தி அதைக் கடந்துவிடுகிறார்.

ஓடைக்கரையில் மொக்கம்மாளின் கிணறு இருக்கிறது. கல்தூள் இறங்கி அது வெளுத்துவிட்டது, மாடு வாய் வைப்பதில்லை, மோட்டாரை நிறுத்துங்கள் என்று அதிகாரிகளுக்கு மனு கொடுத்திருந்தார். இந்த மாத மாதிரியைப் பார்த்து முடிவு செய்வதாகப் பதில் வந்தது. அதனால் மாதிரி பிடிக்கும் அன்று, ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை விட்டுவிட்டு, கையில் செம்போடு காத்திருந்தார்.

"அப்பு, மோட்டாரு ஓடுறப்பப் பிடி."

"கலங்கலா வரும் ஆத்தா."

"அதத்தானப்பா நானும் எழுதிக் குடுத்தேன்!"

"தெளிய வச்சுப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்."

"எம் மாட்டுக்குத் தெளிய வச்சுக் குடிக்கத் தெரியல. நீ ஒரு நா வந்து சொல்லிக் குடேன்."

விஜயபாண்டி சிரித்துவிட்டார். சுருளிவேலுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. "என் சோலிய நான் சுத்தமாப் பாக்கணும் ஆத்தா" என்றார் பணிவாக.

மொக்கம்மாள் செம்பை நீட்டினார். "இது காலையில மோட்டாரு ஓடுறப்ப, குழா வாயிலயே பிடிச்சது." அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கினார். செம்பு முழுக்கப் பால் போலானது. "இப்ப ஊத்து பாட்டில்ல. வெரசா!"

சுருளிவேல் மறுக்கவில்லை. செம்பை இரண்டு கையாலும் வாங்கினார். ஆடாத பாறையாகத் தேடி அதன்மேல் வைத்தார். பாட்டில் மூடியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, செம்புக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார், தெளியட்டும் என்று.