நான்காவது பாட்டில் விடுபட்ட இரண்டு வரிகள்

சவூதி அரேபியாவின் ஜுபைலில் எங்கள் கேபிள் வேலை ஒரு பாட்டினால் நின்றது. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் அந்த சைட்டில் டைம் கீப்பர்.

கனமான கேபிளை டிரெஞ்சுக்குள் இழுக்க எங்களிடம் இருந்தவை நாற்பது பேரின் கைகள்தான். எல்லோரும் ஒரே நொடியில் இழுத்தால்தான் கேபிள் ரோலர் மேல் நகரும். அந்த நொடியைக் கொடுத்தது பாட்டு. கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர் சுக்தேவ் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் மறுவரி பாடி இழுப்பார்கள். எல்லாம் சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய இந்தி பக்திப் பாடல்கள். கேங்கில் பாதிப் பேர் பாகிஸ்தானிகள். அவர்களுக்கும் அவை மனப்பாடம்.

சைட்டில் பூஜை நடக்கிறது என்று யாரோ புகார் செய்துவிட்டார்கள். செக்யூரிட்டி அதிகாரி பாட்டை நிறுத்தினார். பாடல்களை ஆங்கிலத்தில் எழுதி மறுநாள் பத்து மணிக்குக் கொண்டுவரச் சொன்னார். மதப் பிரச்சாரம் என்று முடிவானால் சுக்தேவுக்கு எக்ஸிட், அடுத்த விமானத்தில் ஊர். இந்த விசாவுக்காக மூன்று வருடம் பம்பாயில் காத்திருந்தவர் அவர். வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

எழுதும் வேலை என்னிடம் வந்தது. பள்ளி நாட்களில் இந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவன் நான். அந்தக் கவிகளை உரையோடு படித்திருந்தேன்.

“விசில் ஊதிப் பாத்தேன் சார். ஆளுக்கொரு நேரத்துல இழுக்குறானுவ. கேபிள் நெளியுதே ஒழிய நகரல,” என்றார் ஃபோர்மேன் செல்வராஜ், தஞ்சாவூர்க்காரர். “நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுத்துட்டு வாங்க.”

“இருக்கிறதைத்தான் எழுதுவேன், செல்வராஜ்.”

“அதான் சார் பயமா இருக்கு.”

மூன்று பாடல்களில் சிக்கல் இல்லை. உடம்பு வாடகைப் படகு, பயணம் குறுகியது என்பது போன்ற செய்திகள். நான்காவதில் இரண்டு வரிகள் கோயிலுக்குப் போகிறவரையும் மசூதிக்குப் போகிறவரையும் சேர்த்தே கேலி செய்தன. அந்தக் கவிகளில் பலருக்கு அதுதான் சுபாவம். அப்படியே எழுதினால் சுக்தேவ் போய்விடுவார். எழுதாமல் விட்டால் என் கையெழுத்துக்கு மேலே பொய் இருக்கும். அதுவரை எந்த டைம் ஷீட்டிலும் நான் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றியதில்லை.

டீ பிரேக்கில் சுக்தேவிடமே சொன்னேன்.

“எழுதுங்க பாபுஜி. அந்த ரெண்டு வரி இல்லாம அந்தப் பாட்டு ஏது?” என்றார். “நான் போயிட்டா யூசுஃப் எடுத்துக் குடுப்பான். குரல்தான் கழுதைக் குரல்.”

“உன் தாளத்துக்குக் கழுதையே தேவலாம்,” என்றார் பக்கத்திலிருந்த யூசுஃப், முல்தான்காரர். இருவரும் சிரித்தார்கள். சுக்தேவ் டீயைத் தொடவில்லை.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு வரிகளுக்கான இடத்தைக் காலியாக விட்டு, ‘மொழிபெயர்க்கப்படவில்லை’ என்று ஓரத்தில் குறித்தேன். பொய்யும் இல்லை, ஆபத்தும் இல்லை என்று நம்பினேன்.

மறுநாள் அதிகாரி முதல் மூன்று பாடல்களைப் படிக்கவே இல்லை. அவர் கண் நேராகக் காலி இடத்துக்குப் போனது.

“இங்கே என்ன?”

ஓரத்துக் குறிப்பை விரலால் காட்டினேன். வெளியே நின்ற கேங்கிலிருந்து ஒரு முஸ்லிமை அழைக்கச் சொன்னார். யூசுஃப் வந்தார். எட்டு வருடம் அங்கே இருந்து அரபி பேசப் பழகியவர். விடுபட்ட வரிகள் என்ன சொல்கின்றன என்று அதிகாரி நேரடியாகவே கேட்டார்.

“சோம்பேறிங்களைத் திட்டுது, முதலாளி.”

“யார் சோம்பேறி?”

“தன் வேலையை அடுத்தவன் தலையில கட்டிட்டுப் படுத்துக்கிறவன்.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் காலி இடத்தில் அரபியில் ‘சோம்பேறி’ என்று ஒரு சொல் எழுதிக் கையெழுத்திட்டார். “யல்லா, கிளம்புங்கள். பாடியே கேபிளை முடியுங்கள்.”

வெளியே வந்ததும் யூசுஃபிடம் கேட்டேன். “அதுல அப்படியா இருக்கு?”

“ஆண்டவனைத் தேடுற வேலையைக் கட்டடத்துக்கிட்ட விட்டுட்டுப் போறவன் வேற யாரு, பாபுஜி? உங்க பரீட்சையில என்னதான் எழுதினீங்க?”

நான் எழுதியது பதவுரை. முழு மதிப்பெண் வாங்கினேன்.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் அங்கே காகிதங்களை மொழிபெயர்த்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். புரியாத வரியைக் காலியாக விடலாம். புரிந்த வரியைக் காலியாக விட்டால், பதில் சொல்லும் பாரம் வேறொருவர் மேல் இறங்கும். யூசுஃப் சொன்ன சோம்பேறி அன்று அந்த அறையில் நான் ஒருவன்தான்.