பங்காரிக்கு நாலு எலுமிச்சம்பழம்

மாதாப்பூரில் இருக்கும் ஒரு கிராஃபிக்ஸ் ஸ்டூடியோவில் நூக்கராஜு பதினோரு வருடம் அழிக்கிற வேலை பார்த்தார். கதாநாயகன் பறந்தால், அவனைத் தூக்கிய கயிற்றை அழிப்பார். சுவரில் விழுந்த கேமராக்காரரின் நிழலை அழிப்பார். நன்றாக அழித்தால் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் திட்டு விழும். அனகாபல்லி வெல்ல மண்டியில் வேலை செய்யும் அவருடைய அப்பா, மகன் வேலை பார்த்த படங்களை இரண்டு முறை பார்ப்பார். இரண்டு முறையும் போன் செய்து, "இதுல எதுடா உன்னோடது?" என்பார்.

"உனக்குத் தெரியாத எல்லாம் என்னோடது, நாயினா."

முப்பத்தாறாவது வயதில்தான், தாமே அசைத்து உயிர் கொடுக்க அவருக்கு ஒரு காட்சி கிடைத்தது. எண்ணூறு வருடம் கழித்து நடக்கிற கதையாக ஒரு பெரிய படம் வரப்போகிறது. அதில் வரும் பறக்கும் வண்டியை முன்கூட்டியே பிள்ளைகளுக்குப் பழக்கிவிட, நாலு பகுதி கொண்ட ஒரு சிரிப்புக் கார்ட்டூன் செய்தார்கள். வண்டியின் பெயர் பங்காரி. பேசும், கோபித்துக்கொள்ளும். கூரியர்காரன் சோமு அதைப் புதிதாக வாங்கிக் கிளப்புகிற பதின்மூன்று நொடி நூக்கராஜுவின் பங்கு.

புது வண்டி என்றதும் அவர் யோசிக்கவே இல்லை. பொட்டு, மாலை, கீழே நாலு எலுமிச்சம்பழம். பங்காரி பழங்களை நசுக்கிக்கொண்டு ஜம்மென்று புறப்பட்டது.

கார்ட்டூனின் இயக்குநர் யாமினி அதை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"நூக்கராஜு சார், இதுக்குச் சக்கரமே இல்லையே. தரைக்கு ஒரு அடி மேலதானே மிதக்குது?"

அறையே சிரித்தது. இரண்டு வாரமாக அந்த வண்டியின் முகத்திலேயே விழித்தவருக்கு அது தோன்றவே இல்லை.

"கீழ இறங்கி உக்காந்து நசுக்குற மாதிரி மாத்திடறேன் மேடம்."

"கூடாது. படத்துல இடைவேளையிலதான் அது முதல் தடவையா தரையைத் தொடுது. நாம முன்னாடியே தொட வெச்சா படத்துக்காரங்க என்னை நசுக்கிடுவாங்க. நாளைக்கு மூணு மணிக்கு வர்றாங்க. அதுக்குள்ள சரியாகலேன்னா இந்தக் காட்சியைத் தூக்கிடறேன்."

பக்கத்து இருக்கை ஷபானா சமாதானம் சொன்னாள். "பழத்தை மட்டும் எடுத்துடுங்கண்ணா. மாலையோட கிளம்பட்டும்."

"பழம் நசுக்காம புது வண்டி எப்படிம்மா கிளம்பும்?"

"எண்ணூறு வருஷம் கழிச்சுமா?"

"எத்தனை வருஷம் ஆனாலும் கிளம்பாது."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கிளம்ப வேண்டாமே. பங்காரி முரண்டு பிடித்து நிற்கட்டும். தரையைத் தொடாமல் அதற்கு நசுக்கவும் முடியாது, நசுக்காமல் போகவும் மனம் வராது. அப்போது சோமு என்ன செய்வான்?

எந்த அசைவையும் முதலில் தாங்களே நடித்துப் படம் பிடித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். நூக்கராஜு டீக்கடையில் நாலு பழம் வாங்கிவந்து, வெட்டி வைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஷபானா போனைப் பிடித்தாள்.

"நீதான் பங்காரி. முறைச்சுக்கிட்டு நில்லு," என்றவர், முதல் பழத்தை மேஜையின் அடிப்பலகையில் வைத்து அழுத்தினார். சாறு முழுக்க வலது கண்ணுக்குள் இறங்கியது. அவர் துடித்துப்போய்க் காலை உதறினார்.

"இன்னும் மூணு இருக்கு," என்றாள் ஷபானா, கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

அந்தக் குரலை அப்படியே பங்காரிக்குக் கொடுத்து, விடிந்து மதியம் வரை உட்கார்ந்து வேலையை முடித்தார்.

மூன்று மணிக்குப் படத்தின் இணை இயக்குநர் வந்தார். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார். சோமு அடியில் படுத்து ஒவ்வொரு பழமாக வண்டியின் வயிற்றில் நசுக்கினான். பங்காரி மிதந்தபடியே, "இன்னும் மூணு, இன்னும் ரெண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தது.

"தரையைத் தொடலையே?"

"தொடல சார்."

"அப்ப இருக்கட்டும். ஆனா ஒண்ணு தப்பா இருக்கு. ஒரு தடவை கண்ணு எரிஞ்சவன் ரெண்டாவது பழத்தைக் கையில எடுத்ததுமே கண்ணை மூடிக்குவான். இவன் நாலு தடவையும் தெறந்து வெச்சிருக்கான். அதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க," என்றார்.

நூக்கராஜு வலது கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கைக்குத் திரும்பினார். இமை எந்தக் கணத்தில் மூடுகிறது என்று பழைய பதிவில் தேடினார். முதல் பழத்தோடு அந்தப் பதிவு நின்றுபோயிருந்தது.

"மறுபடி படுக்கணுமாண்ணா?" ஷபானா போனை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"படுக்கத்தான் வேணும்," என்று அவர் எழுந்து பழம் வாங்கப் போனார்.